எலியின் ரிசப்டரும் வரதனின் முதுகும்

1

ஊரிலிருந்து வந்து திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பினேன். என் மேசையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "உன் கண்ணாடிக் கட்டி எங்கே?" என்று கேட்டாள் பக்கத்து மேசைக்காரி. தம்பிக்குக் கொடுத்துவிட்டேன் என்றேன். "அவருக்குப் பிடித்ததா?" என்று அடுத்த கேள்வி. பரிசு என்று ஒன்று கொடுத்தால் அது பிடித்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ளாமல் இந்த ஜெர்மன்காரர்களுக்குத் தூக்கம் வராது. ரொம்பப் பிடித்தது என்று சொல்லிவிட்டு ஆய்வுக்கூடத்துக் குளிர் அறைக்குள் போய் நின்றுகொண்டேன். அவ்வளவு குளிரிலும் எனக்கு முகம் எரிந்தது.

வழக்கமாக இந்தக் கடிதங்களில் உங்களுக்குப் பனியைப் பற்றி எழுதுவேன், ரொட்டியைப் பற்றி எழுதுவேன், நிமிஷம் பிசகாத ரயில் ஏன் இப்போதெல்லாம் பிசகுகிறது என்று எழுதுவேன். இந்த முறை என் மானம் போன கதையை எழுதுகிறேன். யாரிடமாவது சொன்னால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

எங்கள் கம்பெனியில் பத்து வருடம் முடித்தவர்களுக்கு ஒரு மரியாதை செய்வார்கள். நாம் முதன்முதலில் நம் கையால் சுத்தம் செய்து எடுத்த புரதத்தின் குப்பி ஒன்றை, லேபிளோடு அப்படியே வைத்து, கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக்கை அதன்மேல் ஊற்றி, கட்டியாக வார்த்துக் கொடுப்பார்கள். உள்ளங்கையில் அடங்கும். காகிதம் பறக்காமல் மேலே வைக்கலாம், வேறு பிரயோஜனம் கிடையாது. என் கட்டிக்குள் இருந்தது சுண்டெலியின் டி.என்.எஃப் ரிசப்டர்.

2

பயந்துவிடாதீர்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உடம்பில் வீக்கத்தைக் கிளப்பிவிடுகிற புரதம் ஒன்று உண்டு, டி.என்.எஃப் என்று. அது ரத்தத்தில் சுற்றித் திரிந்து, செல்லின் மேல் தனக்கென்று இருக்கிற இடத்தில் போய் உட்கார்ந்தால்தான் அதன் வேலை நடக்கும். அந்த இடத்துக்குப் பெயர்தான் ரிசப்டர். நாங்கள் சுண்டெலியின் மரபணுவை எடுத்து, தொட்டியில் வளர்க்கிற செல்களுக்குள் வைத்து, அந்த இடத்தை மட்டும் தனியாகச் செய்ய வைக்கிறோம். நம் திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் கிளம்பவே போகாத பஸ்ஸில் கூட்டம் முண்டியடித்து ஏறி உட்கார்ந்திருக்குமே, அதுதான் இங்கே நடக்கிறது. வீக்கத்தைக் கிளப்பும் புரதம் செல்லுக்குப் போய்ச் சேராமல், நாங்கள் செய்து விட்ட இதிலேயே ஏறி உட்கார்ந்துவிடும். எலிக்கு வீக்கம் வற்றும். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற ஆராய்ச்சிக்காரர்கள் இதை வாங்கித் தங்கள் எலிகளுக்குக் கொடுத்துப் பார்ப்பார்கள்.

செல்கள் விட்ட திரவத்திலிருந்து இதை வடித்துச் சுத்தம் செய்து, உறைய வைத்து உலர்த்திக் குப்பியில் அடைப்பது என் வேலை. கண்டுபிடிப்பது வேறு ஆட்களின் வேலை. இங்கே குடியுரிமை அலுவலகத்தில் ஒரு அம்மாள், என் சான்றிதழ்களை எல்லாம் மூன்றாவது முறையாகப் புரட்டிவிட்டு, தொழில் என்ன என்று கேட்டாள். ஆய்வுக்கூட உதவியாளர் என்று ஜெர்மனில் ஒரே மூச்சில் சொன்னேன். வாய் கூசவில்லை. அதையே பாலக்கரையில், எங்கள் வீட்டு வாசலில் நின்று தமிழில் சொல்ல இன்றுவரை எனக்கு நாக்கு எழுந்ததில்லை. அங்கே நான் சயின்டிஸ்ட். மாதா கோயில் பூசை முடிந்து வெளியே வந்தால், "உங்க பொண்ணு மருந்து கண்டுபிடிக்குதாமே" என்று அம்மாவைக் கேட்பார்கள். அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொள்வாள். நான் பக்கத்தில் நின்று சிரிப்பேன்.

3

என் தம்பி சேவியர் ஸ்ரீரங்கத்தில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறான். உத்திர வீதியில், சாமி புறப்பாடு வந்தால் கடை வாசலை உரசிக்கொண்டு போகும். கிறிஸ்தவன் கடை என்று யாரும் ஒதுங்கியதில்லை. கைராசிக்காரன் என்று பெயர் வாங்கி வைத்திருக்கிறான். கூடவே வாய்க்காரன்.

அவனோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் படித்தவன் வரதன். ஸ்ரீரங்கத்துக்காரன். பெருமாளைத் தோளில் எழுந்தருளப்பண்ணும் ஸ்ரீபாதம் தாங்கிகளில் ஒருவன். அவன் அப்பாவும் அதே கைங்கர்யம்தான். வாகனத்தைத் தாங்கும் முன்தண்டில் வலது பக்கம் அவன் இடம். சின்ன வயதில் எங்கள் வீட்டுக்கு வந்தால் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டான், ஆனால் கேரம் போர்டில் எல்லோரையும் தோற்கடித்துவிட்டுத்தான் போவான். எனக்கும் அவன் தம்பிதான்.

சில வருடங்களாக அவனுக்கு முதுகு வலி. காலையில் எழுந்தால் இடுப்பிலிருந்து கழுத்துவரை பலகையாக இருக்கும், வெயில் ஏற ஏறக் கொஞ்சம் இளகும். தண்டு தூக்கித் தூக்கி வந்த வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தான். போன தீபாவளிக்கு முன்னால் ஒரு டாக்டர்தான், இது சுமையால் வந்தது இல்லை, உடம்பே தன் முதுகெலும்பை வீங்க வைத்து ஒன்றோடொன்று ஒட்ட வைக்கிற வியாதி, ஊசி போட ஆரம்பிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். நிறைய நாள் போட வேண்டிய ஊசி, விலையும் அவன் கைக்கு எட்டாத விலை. சீட்டை எடுத்துக்கொண்டு சிநேகிதன் கடைக்கு வந்தான்.

சேவியர் மருந்தின் பெயரைப் பார்த்தான். அதற்குக் கீழே அது என்ன வகை என்று போட்டிருந்ததையும் பார்த்தான். அதே வாரத்தில் நான் குடும்பக் குரூப்பில் என் கண்ணாடிக் கட்டியைப் படம் பிடித்துப் போட்டிருந்தேன், பத்து வருட மரியாதை என்று. லேபிளில் அதே டி.என்.எஃப் ரிசப்டர். என் தம்பிக்கு உடம்பெல்லாம் புல்லரித்திருக்கிறது. உடனே என்னைக் கூப்பிட்டான். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். வரதன் பேச்சையே அவன் எடுக்கவில்லை. இந்தப் பெயரில் இங்கே ஒரு ஊசி வருகிறதே, அதுவும் நீ செய்வதும் ஒன்றுதானா என்று மட்டும் கேட்டான். ஏறக்குறைய ஒன்றுதான், அது மனுஷனுடையது, எங்களுடையது எலியுடையது, வேலை ஒரே வேலைதான் என்றேன். தம்பிக்கு இதெல்லாம் தெரிகிறதே என்று எனக்குப் பூரிப்பு வேறு. வரும்போது அதைக் கொண்டு வா என்றான். கடையில் நாலு பேருக்குக் காட்டத்தான் கேட்கிறான் என்று நினைத்து, சரி என்றேன்.

லேபிளில் இருந்த 'எலி' அவனுக்கு உறுத்தவே இல்லை. எலிக்குக் கொடுத்துப் பார்த்துத் தேறிய மருந்து என்று அதை எடுத்துக்கொண்டான். இத்தனை வருடம் மாத்திரை அட்டைகளோடு குடும்பம் நடத்துகிறவன். எந்த மருந்தும் முதலில் எலிக்குப் போய்த்தானே மனுஷனுக்கு வரும், அதில் என்ன தப்பு என்று பிற்பாடு என்னையே கேட்டான். அக்கா கம்பெனிச் சரக்கு, அக்கா தை மாதம் வருகிறாள், அதுவரை பொறு, வெளியே எங்கேயும் வாங்கி ஏமாறாதே என்று வரதனிடம் சொல்லிவிட்டான். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருகிறேன், அங்கே இலவசமாகக் கிடைக்க வழி இருக்கிறது என்று டாக்டர் சொன்னதையும் வரதன் அதோடு விட்டுவிட்டான். அக்கா வருகிறாளே.

4

பனிக்கால விடுமுறையில் நானும் மகள் நோராவும் வந்து இறங்கினோம். என் கணவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. நோராவுக்குப் பதினான்கு வயது. புரிகிற தமிழ் நிறைய, பேசுகிற தமிழ் கொஞ்சம். என் அம்மாவையே "நீ சாப்பிட்டியா" என்று கேட்பாள், அம்மா அதற்கும் சிரிப்பாள். கொஞ்ச வருடமாக என்னிடம் தமிழில் பேசுவதையே விட்டுவிட்டாள். நான் தமிழில் கேட்பேன், ஜெர்மனில் பதில் வரும். யாராவது வீட்டுக்கு வந்திருந்தால் நானும் ஜெர்மனுக்கு மாறிவிடுகிறேன்.

வந்த மறுநாள் கடைக்குப் போனோம். கடை முன்னால் பெஞ்சில் வரதன் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான். எழுந்தான் என்று எழுதிவிட்டேன், பெஞ்சைப் பிடித்து, முழங்காலைப் பிடித்து, பிறகு சுவரைப் பிடித்து நின்றான். கழுத்து நிமிரவில்லை. என் முகத்தைப் பார்க்க உடம்பையே பின்னால் சாய்த்தான். நெற்றியில் புதுத் திருமண், துவைத்து மடித்த வேட்டி. ஒரு தூக்கில் புளியோதரையும் தோசையும், பிரசாதம், எனக்கு.

"வாங்கோக்கா, சௌக்கியமா? உங்களைத்தான் எதிர்பார்த்துண்டு இருக்கேன்," என்றான்.

அவனுக்கு இப்படி ஆகியிருக்கிறது என்றே எனக்கு அப்போதுதான் தெரியும். என்னடா ஆச்சு என்று நான் கேட்டு முடிப்பதற்குள் சேவியர் உள்ளேயிருந்து பஞ்சையும் ஸ்பிரிட்டையும் கொண்டு வந்து மேசையில் வைத்தான். கொண்டு வந்தியாக்கா, எடு என்றான். கடையில் இன்னும் இரண்டு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். அக்காதான் இந்த மருந்தைச் செய்யறாங்க என்று அவர்களிடமும் சொன்னான். நான் பையிலிருந்து கட்டியை எடுத்து மேசையில் வைத்தேன்.

சேவியர் அதைக் கையில் எடுத்தான். திருப்பினான். மூடியைத் தேடினான். நகத்தால் சுரண்டிப் பார்த்தான். வரதன் அதற்குள் வலது கையைத் துடைத்து, மேசைமேல் நீட்டி, முகத்தை வேறு பக்கம் திருப்பப் பார்த்தான். ஊசிக்குப் பயந்த பழக்கம். கழுத்து திரும்பவில்லை, அதனால் கண்ணை மூடிக்கொண்டான்.

"இதுல எப்படிக்கா ஊசி குத்துறது?" என்றான் என் தம்பி.

எனக்கு எல்லாம் அந்த நொடியில் விளங்கிவிட்டது. விளங்கியவள் என்ன செய்ய வேண்டும்? இது மனுஷனுக்கு இல்லை என்று ஒரு வரி சொல்ல வேண்டும். நான் சொன்னது என்ன தெரியுமா? இது ரிசர்ச் கிரேடு, கிளினிக்கல் கிரேடு வேறு, இந்த லாட் டிஸ்ப்ளேக்காக வைத்தது, ஹியூமன் வெர்ஷனுக்கு அப்ரூவல் தனி என்று பாதி ஆங்கிலத்தில் பொழிந்து தள்ளினேன். அந்த இரண்டு வாடிக்கையாளர்களும் என்னை மரியாதையோடு பார்த்தார்கள். சீ, அந்த நேரத்திலும் அந்த மரியாதையை விட எனக்கு மனசு வரவில்லை. வரதன் கண்ணைத் திறந்து, அப்ப நாளைக்கு வரட்டுமாக்கா என்று கேட்டான்.

நோரா என் கையிலிருந்த பையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, நேரா சொல்லு," என்றாள் தமிழில். பிறகு அவளே வரதனிடம் திரும்பினாள். "இது உனக்கு இல்ல. எலிக்கு."

சேவியர் முகத்தில் ஈயாடவில்லை. வரதன் நீட்டிய கையை மெதுவாக எடுத்து, மேல்துண்டைச் சரிசெய்துகொண்டான்.

5

அன்று வீட்டுக்கு வந்து அக்காளும் தம்பியும் அடித்துக்கொள்ளாத குறை. நீதானே ஒன்றுதான் என்று சொன்னாய் என்று அவன். நோயாளியை உட்கார வைத்துக்கொண்டு என்னிடம் பாத்திரம் கழுவும்போதா கேட்பாய் என்று நான். அவனுக்கு நல்லது செய்யப் போனேன் என்று சொல்லும்போது சேவியருக்குக் குரல் உடைந்துவிட்டது. பெரிய மீசையை வைத்துக்கொண்டு அழுதான். நான் அவனைத் தேற்றவில்லை. என்னைத் தேற்ற யாராவது வருவார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா இரண்டு பேரையும் திட்டிவிட்டு அவனுக்கு மட்டும் காபி கொடுத்தாள்.

மறுநாள் நாங்களே வரதனை டாக்டரிடம் அழைத்துப் போனோம். காத்திருக்கும் இடத்தில் சேவியர் பேசவே இல்லை. வரதன்தான் பேசினான். எலிக்கு எதற்கு இந்த வியாதி வருகிறது என்று கேட்டான். தானாக வருவதில்லை, வரவழைப்பார்கள் என்றேன். பாதம் வீங்கும், நடக்க முடியாமல் கிடக்கும், அப்புறம் நாங்கள் செய்ததைக் கொடுப்பார்கள்.

"கொடுத்தா சரியாறதா அக்கா?"

"ஆகுது வரதா. வீக்கம் வத்திடுது."

"நடக்கறதா?"

"நடக்குது."

அப்புறம் என்ன செய்வார்கள் என்று கேட்டான். உள்ளே எலும்பு எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்காகக் கொன்றுவிடுவார்கள் என்று சொன்னேன். இந்த முறை சுற்றி வளைக்கவில்லை. அவன் உடம்பு குலுங்கச் சிரித்தான், சிரித்தால் விலா வலிக்கிறது என்று பிடித்துக்கொண்டும் சிரித்தான். "அப்ப நான் தேவலை. என்னை எக்ஸ்ரேயோட விட்டுடறா," என்றான்.

அவன் ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். சாவகாசமாக உட்கார்ந்து என்னைச் சிரிக்க வைக்கப் பார்த்தான். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

டாக்டர் பழைய படத்தையும் புதிய படத்தையும் விளக்கு வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒட்டியது ஒட்டியதுதான், பிரியாது, இனிமேல் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். தோளில் சுமை இனி கூடவே கூடாது என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னார். வரதன் தரையைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

மற்றவர்கள் வெளியே போனதும் நான் மட்டும் நின்று டாக்டரைக் கேட்டேன். தீபாவளிக்கே ஆரம்பித்திருந்தால் இந்தக் கழுத்து இப்படி ஆகியிருக்காதா என்று. அவர் நல்ல மனுஷர். கொஞ்சம் தயங்கினார்.

"அப்படி உறுதியா சொல்ல முடியாதுங்க. ஆனா அப்பவே வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்," என்றார்.

இல்லவே இல்லை என்று சொல்வார் என்று எதிர்பார்த்துத்தான் கேட்டேன். அந்த எதிர்பார்ப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

6

விமானத்தில் நோரா என்னிடம் ஜெர்மனில் கேட்டாள். அந்த மாமாவிடம் ஏன் நீ முதலிலேயே சொல்லவில்லை? உனக்குத் தெரியும்தானே? தெரியும் என்றேன். வீட்டில் நீ விஞ்ஞானி என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது நீ சொன்னதா, அவர்களாகச் சொன்னதா என்று அடுத்து கேட்டாள். நான் சாப்பாட்டுத் தட்டின் அலுமினியத் தாளைப் பிரிக்க ஆரம்பித்தேன். அவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். இங்கே வந்த பிறகு அவளுடைய சிநேகிதிகள் அம்மாவுக்கு என்ன வேலை என்று கேட்டால் என்ன சொல்கிறாள் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் தைரியம் இல்லை.

7

ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் நடந்ததைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். வரிசைப்படி இது முன்னாலேயே வந்திருக்க வேண்டும். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்துவிட்டேன்.

தை உற்சவம் நடந்துகொண்டிருந்தது. சொல்லிக்கொள்ள வரதன் கடைக்கு வந்திருந்தான். முதல் ஊசி போட்டாயிற்று, காலையில் விறைப்பு கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது என்று அவனாகச் சொன்னான். எனக்காகச் சொன்னானோ என்னவோ. அதற்குள் மேளச் சத்தம் கேட்டது. புறப்பாடு உத்திர வீதியில் திரும்பிவிட்டது. சேவியர் கடைப் படியில் கூட்டத்தை விலக்கி வரதனுக்கு இடம் பண்ணினான். நான் பக்கத்தில் நின்றேன். நோரா உள்ளே நாற்காலியின் மேல் ஏறி நின்று பார்த்தாள்.

தீவட்டி வந்தது, குடை வந்தது. பெருமாளைத் தோளில் வைத்துக்கொண்டு அவர்கள் எங்கள் முன்னால் வந்தார்கள். எல்லோரும் அண்ணாந்து கும்பிட்டார்கள். வரதன் பின்னால் சாயப் பார்த்தான், கூட்டத்தில் சாய இடம் இல்லை. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் முன்னால் நின்றவர்களின் முதுகும் கால்களும்தான். கையைக் கூப்பியபடி தரையைப் பார்த்து நின்றான்.

"அக்கா, என்ன சாத்திண்டிருக்கார்? சொல்லுங்கோ," என்றான்.

எனக்கு அந்த அலங்காரங்களுக்கெல்லாம் பெயர் தெரியாது. தெரிந்ததைச் சொன்னேன். சிவப்புப் பட்டு, கழுத்து நிறைய வெள்ளை மாலை, நடுவில் பச்சையாக ஒரு பெரிய கல், வெளிச்சம் படும்போது மின்னுகிறது. அவன் ஒவ்வொன்றுக்கும் உம் கொட்டினான்.

"முன்தண்டுல வலது பக்கம் ஆள் இருக்காளா?"

இருந்தான். நல்ல உயரமான ஒருவன், கழுத்தை நிமிர்த்தி, காலை அளந்து வைத்து வந்துகொண்டிருந்தான். இருக்காங்க என்றேன்.

"ஆடறதா அக்கா?"

நான் நன்றாகப் பார்த்தேன். பெருமாள் துளிக்கூட ஆடவில்லை. கொஞ்சம் ஆடுது வரதா, நீ தூக்கின மாதிரி இல்லை என்று சொல்ல வாய்வரை வந்தது. அந்தக் குனிந்த தலைக்கு அது எவ்வளவு இதமாக இருந்திருக்கும்.

"இல்லை வரதா. ஆடலை."

கூப்பிய கையை அவன் எடுக்கவில்லை. பெருமாள் எங்களைத் தாண்டிப் போகும்வரை அப்படியே நின்றான்.

"ஆடப்படாது," என்றான். "ஆடலைன்னா சரி."